நாலு சீட்டு ஒரே பட்டனாகும்போது...

"எங்க ஊரும் சிட்டிக்குள்ள போகப்போகுதாமே மேடம்... மானியமெல்லாம் நின்னுடுமா?"

ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகும்போது, மண் பரிசோதனை முடிவைவிட இந்தக் கேள்விதான் இப்போது அதிகமாக வருகிறது. பசுமைக்குடிலில் குடைமிளகாய் பார்க்கப் போனாலும் கேட்கிறார்கள், ராகி வயலில் கதிர் பார்க்கப் போனாலும் கேட்கிறார்கள். மானியம் என்ன ஆகும் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிற எனக்கு, இரண்டாவது கேள்விதான் பெரியதாகத் தெரிகிறது. அரசு ஊழியர் என்பதால் கட்சி பேச எனக்கு இடமில்லை. ஆனால், ஓட்டு எப்படி வேலை செய்கிறது என்று பேசலாம். தேர்தல் வந்தால் பூச்சிக்கொல்லி மாதிரி எடுக்கும் கையில் அழியாத மை பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் வாக்குச்சாவடிக்குள்ளிருந்து பார்த்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 கிராம ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்தை 2025-ம் ஆண்டு பிறக்கும் நேரத்தில் தமிழக அரசு அறிவித்தது. அந்த வருடம் ஜனவரி 26 கிராம சபைகளில் பல ஊர்க்காரர்கள் 'எங்களைச் சேர்க்காதீர்கள்' என்று குரல் எழுப்பினார்கள். ஓசூர்ப் பக்கத்தில் இது பழகிய கதை. மத்திகிரி பேரூராட்சியும், ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊராட்சிகளும் தனித்தனியாக இருந்து, பிறகு ஓசூருக்குள் வந்தவை. 2011 கணக்கெடுப்பின்படி விரிந்த ஓசூரின் மக்கள்தொகை 2,45,354. சிப்காட் வந்தது, கார்மென்ட்ஸ் வந்தது, வாடகை வீடுகள் வந்தன. 2024 ஜூனில் விமான நிலைய அறிவிப்பும் வந்தது. ஊர் இன்னும் விரியும் என்பதில் சந்தேகமில்லை.

கிராமத்தில் நாலு, நகரத்தில் ஒன்று

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் கிருஷ்ணகிரி உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு கொடுத்தோம். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில இடங்களில் நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மடிப்பதற்குள் கை நடுங்கும் பெரியவர்கள், பச்சையை வைத்துக்கொண்டு மஞ்சளைத் தேடும் பெண்கள் என்று வரிசை நகரவே நகராது.

2022 பிப்ரவரி 19-ம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடியின் தலைமை அலுவலராக இருந்தேன். மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட கிராமத்துப் பாட்டி ஒருவர், இயந்திரத்தில் பட்டனை அழுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"முடிஞ்சிருச்சு பாட்டி, போலாம்" என்றேன்.

"எங்க ஊர்ல நாலு சீட்டு குடுப்பாங்களேம்மா... மிச்சம் மூணு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாட்டி கேட்டது சிரிக்கிற விஷயமில்லை. கிராமத்தில் தலைவரை நேராகத் தேர்ந்தெடுத்தவர் அவர். நகரத்தில் மேயரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவருடையதல்ல. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். தமிழகத்தில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள்தான் போட்டார்கள். ஆக, 2011-ல் நகரத்து வாக்காளருக்கு இரண்டு ஓட்டு இருந்தது. 2022-ல் ஒன்றாகிவிட்டது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதோ ஒரு சின்னத்தில், தெரிந்த ஆளுக்குத் தெரிந்த ஆள் ஓட்டுப் போடுவதுதான் அந்தத் தேர்தல். மாநகராட்சி வார்டில் கட்சிச் சின்னம் வந்துவிடும். கட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், சின்னத்தைப் பார்க்கும் கண் ஆளையும் பார்க்க வேண்டும்.

கிராம சபைக்கு வருவோம். ஊராட்சியில் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை கூடவேண்டும். வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். கூட்டம் சரியாக நடக்காத ஊர்கள் உண்டுதான். ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. ஊர் நகரத்தோடு சேரும் நாளில் அந்தக் கிராம சபையும் போய்விடும். அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று அமெரிக்க நகரங்களும் ஓசூரும்

2025 நவம்பரில் நியூயார்க் நகர மேயராக ஜோஹ்ரான் மம்தானி ஜெயித்த செய்தியை நம் ஊர் டீக்கடைகளிலும் பேசினார்கள். இந்திய வம்சாவளிக்காரர் என்பதால் வந்த ஆர்வம். சூளகிரிப் பக்கம் தக்காளி போடும் ஒரு தம்பி, "அங்க எல்லாம் மேயருக்கு ஜனங்களே ஓட்டுப் போடுறாங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ மூன்று நகரங்களிலும் மேயருக்கு மக்கள்தான் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். கவுன்சிலருக்குத் தனி ஓட்டு. லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிகாகோவிலும் நகரத் தேர்தல் ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. நம் ஊராட்சித் தலைவர் தேர்தல் மாதிரிதான். நியூயார்க்கில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்வு செய்யும் ஓட்டில், 2021 முதல், பிடித்தவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம்.

அதைக் கேட்டதும் அவர், "அப்ப அவங்களுக்குத்தான் பவர் ஜாஸ்தி" என்றார். அங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

நியூயார்க்கில் கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். கவுன்சிலர்கள் 51. ஒருவருக்கு சுமார் 1,70,000 பேர். லாஸ் ஏஞ்சல்ஸில் 39 லட்சம் பேருக்கு 15 கவுன்சிலர்கள்தான். ஒருவருக்கு 2,60,000 பேர். சிகாகோவில் 27 லட்சம் பேருக்கு 50 பேர். ஒருவருக்குச் சுமார் 55,000. ஓசூருக்கு வாருங்கள். 45 வார்டுகள். 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 5,450 பேர். அதன்பின் மக்கள்தொகை இரண்டு மடங்காகியிருந்தாலும் 11,000-ஐத் தாண்டாது. மொத்த ஓசூரும் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரே ஒரு கவுன்சிலர் தொகுதிக்குள் அடங்கிவிடும்!

அவர்களுக்கு ஓட்டு அதிகம், கவுன்சிலர் தூரம். நமக்கு ஓட்டு ஒன்று, கவுன்சிலர் பக்கத்துத் தெரு. 5,000, 10,000 பேர் உள்ள வார்டில் பாதிப் பேர் ஓட்டுப் போட்டு, நாலைந்து வேட்பாளர்கள் பிரித்துக்கொண்டால், சில நூறு ஓட்டுகளில் முடிவு மாறும். 200 உழவர் குடும்பம் ஒன்றாக நின்று ஒரு கோரிக்கையை வைத்தால், அதைத் தட்டிக்கழிக்க எந்த வேட்பாளராலும் முடியாது. மாநகராட்சிக்குள் போனால் விவசாயி காணாமல் போய்விடுவான் என்று பயப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால், ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டுப் போடுவது குறைகிறது. 2022 தேர்தலில் தமிழகப் பேரூராட்சிகளில் சுமார் 75 சதவிகிதம், நகராட்சிகளில் 68 சதவிகிதம், மாநகராட்சிகளில் 52 சதவிகிதம் வாக்குப்பதிவு. சென்னையில் 44 சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. அமெரிக்காவிலும் இதே நோய் உண்டு. நியூயார்க்கில் 2021 மேயர் தேர்தலுக்குப் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் வந்தார். 2025-ல் 20 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்ததே அங்கு பெரிய செய்தியானது. கிராமத்துக்காரர்களுக்கு ஓட்டுச்சாவடிக்குப் போகும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஊர் நகரமான பிறகும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ஓசூர் தேர்தல் சொன்ன பாடம்

ஓசூர், 2019-ல் மாநகராட்சி ஆனது. ஆனபோது அங்கே கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தமிழக நகரங்களை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில்தான் மாநகராட்சியாக ஓசூர் தன் முதல் தேர்தலைப் பார்த்தது.

முடிவைப் பாருங்கள். 45 வார்டுகளில் தி.மு.க. 21, அ.தி.மு.க. 16, காங்கிரஸ், பா.ம.க., பா.ஜ.க. தலா 1, சுயேச்சைகள் 5. பெரும்பான்மைக்கு 23 வேண்டும். எந்தக் கட்சிக்கும் அது தனியாகக் கிடைக்கவில்லை. ஐந்து சுயேச்சைகள் பக்கம் எல்லோருடைய கண்ணும் திரும்பியது. மார்ச் 4-ம் தேதி முன்னாள் எம்.எல்.ஏ. எஸ்.ஏ.சத்யா மேயரானார். யார் ஜெயித்தார் என்பதைவிட நான் இதில் பார்ப்பது வேறு. நாலைந்து வார்டுகள்தான் ஒரு மாநகராட்சியின் மேயர் யார் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்தன. நகரத்தோடு சேரும் கிராமங்கள் பெரும்பாலும் விளிம்பு வார்டுகளாகத்தான் வருகின்றன. விளிம்பு என்றால் கடைசி என்று நினைக்கத் தேவையில்லை.

கவுன்சிலர் இல்லாத ஊர் என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் பெங்களூரு. அங்கே 198 வார்டுகளுக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்து வருடம் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் அங்கே கவுன்சிலர்கள் இல்லை. 'பெங்களூரு தேர்தலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள், மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூருவின் ஏரிகளிலிருந்து வழியும் கழிவைச் சுமந்துகொண்டு வந்து, மதகில் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளும். சுமார் 8,000 ஏக்கர் பாசனம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது அங்கே தனி வாரியத்தின் வேலைதான். ஆனாலும், 'என் வார்டு ஏரியில் சாக்கடை கலக்கிறது' என்று மன்றத்தில் எழுந்து கேட்க 198 பேர் இருப்பதும், ஒருவர்கூட இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. மேலே இருக்கும் நகரத்தில் கேட்க ஆளில்லாவிட்டால் கீழே இருக்கும் வயலுக்குத்தான் நுரை வருகிறது.

நம் கிராமங்களுக்கும் இப்போது அந்த நிலைதான் வந்திருக்கிறது. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இணைப்புப் பேச்சும் அதே நேரத்தில்தான் வந்தது. ஊருக்குத் தலைவர் இல்லாத நேரத்தில் ஊரின் தலையெழுத்து பேசப்படும்போது, வாக்காளர்கள் இரண்டு மடங்கு விழிப்பாக இருக்கவேண்டியிருக்கிறது.

எது நிற்கும், எது நிற்காது?

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். ஊர் மாநகராட்சியானால் எல்லாமே போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், ஒன்றுமே மாறாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

பம்புசெட்டுக்கான இலவச மின்சாரம், பயிர்க்கடன், பி.எம். கிசான் தவணை இவையெல்லாம் நிலத்தையும் பயிரையும் வைத்து வருபவை. நிலம் எந்த உள்ளாட்சிக்குள் இருக்கிறது என்பதற்காக நிற்பவை அல்ல. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்த் துறையிடம்தான் இருக்கும். மாநகராட்சி அதைத் தொடாது.

ஆனால், நூறு நாள் வேலை நிற்கும். சட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் மாறினாலும் அது ஊரகப் பகுதிக்கான திட்டம். ஊர் மாநகராட்சியானால் அந்த அட்டை செல்லாது. நிலமில்லாத குடும்பங்கள், கணவரை இழந்த பெண்கள், சிப்காட்டில் சேர வயது கடந்தவர்கள் இவர்களுக்குத்தான் அடி. ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "கம்பெனியில நாப்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க மேடம். வயல்ல வேலை பாதி நாளுக்குத்தான். அந்த அட்டையும் போனா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" இணைப்பு பற்றிய எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசவேண்டியது இவருடைய கேள்வியைத்தான்.

வீட்டு வரி உயரும். 2022 தேர்தல் முடிந்த கையோடு, ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்த்தப்பட்டது. ஓசூர் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவிகிதம். நகரங்களில் காலிமனை வரி என்றும் ஒன்று உண்டு. அதனால் என் ஆலோசனை, ஒவ்வொரு பருவமும் உங்கள் பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பயிர் நிற்கும் நிலம் என்பதற்கு அதுதான் சாட்சி. நாலு வருடம் தரிசு என்று பதிவான நிலத்தை மனையாகப் பார்க்கும் கண் சீக்கிரம் வந்துவிடும்.

நிலத்தை விற்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். விவசாய நிலம் விற்றால் வருமான வரி கிடையாது என்ற பேச்சு, நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கும் கிராம நிலத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரத்தின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலமும், விற்பனை லாபத்துக்கு வரி கட்டவேண்டிய சொத்தாகிவிடும். ஓசூர் இந்த வகையில் வருகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 8 கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும் ரோட்டு வழியாக அளக்க மாட்டார்கள், வான்வழி நேர்கோட்டில்தான் அளப்பார்கள். மாநகராட்சி எல்லை நகர்ந்தால் இந்த 6 கிலோமீட்டரும் சேர்ந்து நகரும். அதாவது, உங்கள் ஊர் இணையாவிட்டாலும் பக்கத்து ஊர் இணைந்தால் உங்கள் நிலம் வரிக்குள் வரலாம். விற்ற பணத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சலுகை உண்டு. கிரயத்துக்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

ஒரு விளிம்பு வார்டில் நடந்தது

கவுன்சிலரால் விவசாயிக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நகரம், எந்த வார்டு என்று கேட்காதீர்கள்.

நகரத்தோடு சேர்ந்துபோன ஒரு கிராமம். ஏரிக்குக் கீழே முப்பது, நாற்பது குடும்பங்கள் கீரை, கொத்தமல்லி, ரோஜா போடுகிறார்கள். மேலே புதிதாக வந்த மனைப்பிரிவுகளின் சாக்கடை மெள்ள மெள்ள ஏரிக்குள் இறங்கியது. கொத்தமல்லி முளைத்துக் கருகியது. என்ன நோய் என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். செடியில் நோய் இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். உப்பின் அளவு ஏறியிருந்தது.

"முன்னாடி பிரசிடென்ட் வீட்டு வாசல்ல போய் உக்காந்துடுவோம். இப்ப யாரைப் பாக்கறதுன்னே தெரியல" என்றார் ஒரு பெரியவர். அங்கிருந்த பதினைந்து பேரில் கவுன்சிலர் பெயர் தெரிந்தவர் மூன்று பேர். நம்பர் வைத்திருந்தவர் ஒருவர். அதுவும் அவருடைய பள்ளிக்கூடம் போகும் மகள்.

தொடர்ந்து அவர்கள் செய்ததைத்தான் மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏரியின் சர்வே எண், கிராம வரைபடம், எந்த இடத்தில் சாக்கடை இறங்குகிறது என்பதற்குப் போட்டோ, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு இவற்றை ஒரு ஃபைலில் வைத்தார்கள். நாற்பது குடும்பமும் கையெழுத்துப் போட்டது. பகுதி சபைக் கூட்டத்துக்கு, அதிகம் பேசுகிற நாலு பேர் போகாமல், பெண்களும் சேர்ந்து முப்பது பேர் போனார்கள். கவுன்சிலர், ஏரி நீர்வளத் துறையுடையது என்றார். "ஏரி அவங்களது. சாக்கடைக் கால்வாய் யாரோடது?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அதே முப்பது பேர் போனார்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு விஷயம் மன்றத்துக்குப் போனது. கால்வாயைத் திருப்பும் வேலை ஆரம்பித்தது. ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. இன்னொரு பக்கத்துச் சாக்கடை இன்னும் ஏரிக்குத்தான் வருகிறது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால், கொத்தமல்லி மறுபடியும் வருகிறது.

அந்தப் பகுதி சபைதான் கிராம சபைக்குப் பதிலாக நகரத்தில் நமக்கு இருக்கும் இடம். 2022-ல் இதற்கான விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழகம் முழுக்க நகரங்களில் பகுதி சபைகள் நடந்தன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் நடத்தும் கூட்டம் இது. அந்தப் பகுதி வாக்காளர்கள் யாரும் போகலாம். கிராம சபையின் அதிகாரம் இதற்கு இல்லை. ஆனாலும், கேள்வி பதிவாகும் இடம் இது.

சிகாகோவில் 49-வது வார்டில் 2009-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். கவுன்சிலரின் வார்டு நிதி சுமார் 13 லட்சம் டாலரை எதற்குச் செலவு செய்வது என்று வார்டு மக்களே கூடிப் பட்டியல் போட்டு, ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். நடைபாதையா, தெருவிளக்கா, பூங்காவா என்று மக்களே சொன்னார்கள். 1989-ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. நம் பகுதி சபையிலும் 'இந்த வருடம் நம் வார்டுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எதற்கு?' என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. கேட்க ஆள்தான் வேண்டும்.

தேர்தலுக்கு முன் செய்யவேண்டியவை

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்கு ஐந்து வருடம்தான் காலம். அடுத்த தேர்தலுக்கு இப்போதே தயாராகலாம்.

முதலில் வாக்காளர் பட்டியல். சட்டமன்றத் தேர்தல் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்து எடுக்கிறார்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் இதிலும் இருக்காது. கல்யாணமாகிப் போன மகள், வந்த மருமகள், 18 முடிந்த பிள்ளை என்று வீட்டில் ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். இரண்டாவது, வார்டு பிரிப்பு. வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். ஒரே ஏரிப் பாசனத்தில் இருக்கும் நாற்பது குடும்பத்தை மூன்று வார்டாக உடைத்தால், உங்கள் சில நூறு ஓட்டுகளும் மூன்றாகச் சிதறிவிடும். அந்த வரைவைப் படித்து, காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள். இணைப்பு பற்றி ஆட்சேபம் கேட்கும்போதும் அப்படித்தான். போராட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எழுத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, யார் நிற்பது? 21 வயது முடிந்து, அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வேட்பாளராகலாம். 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. நம் ஊரில் சுய உதவிக் குழுக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதும் பெண்கள் எத்தனையோ பேர். கணவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்காமல் தன் பெயரைச் சொல்லிக் கேட்கும் பெண்ணை உழவர் குழுக்கள் நிறுத்தினால் நல்லது.

நாலாவது, வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன கேட்பது? சால்வையும் சாப்பாடும் ஒரு நாளில் முடிந்துவிடும். நான் எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் எழுதுவேன். எங்கள் ஏரிக்குள் சாக்கடை இறங்கக் கூடாது. மாநகராட்சியின் நுண் உர மையத்தில் தயாராகும் மட்கிய உரம், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இல்லாமல், எங்கள் வயலுக்கு வரவேண்டும். குப்பைக் கிடங்கை நீரோடையில் வைக்கக் கூடாது. விடியற்காலையில் உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் வழியில் தெருவிளக்கு எரிய வேண்டும். பகுதி சபை நடக்கும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். இந்த ஐந்தும் கவுன்சிலரோ மன்றமோ கையில் எடுக்கக்கூடிய வேலைகள். மாஸ்டர் பிளானில் உங்கள் சர்வே எண் விவசாயமா குடியிருப்பா என்பதைக் கவுன்சிலர் தனியாக மாற்ற முடியாது, அது நகர வளர்ச்சிக் குழுமத்தின் வேலை. செய்ய முடியாததைக் கேட்டால், முடியாது என்ற ஒரே பதிலில் மற்ற ஐந்தும் போய்விடும்.

ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வரும் எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள். கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைக் கோயில் மண்டபத்திலோ பால் சொசைட்டியிலோ ஒட்டி வையுங்கள். ஜெயித்தவர் முதல் பகுதி சபைக்கு வரும் அன்று, அந்தத் தாளோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.